உதறக் கூடாத சட்டை

அரியாங்குப்பம் கன்னியப்பன் குமாரன் முருகையன் ஆகிய எனக்கு, இதை எழுதும் இன்று வயது ஐம்பத்தெட்டு பூர்த்தி. பள்ளிக்கூடம் அறியேன், பத்திரிகைத் தாள்களை எழுத்துக்கூட்டி வாசித்துத் தானே கற்றவன். எவருக்கும் பணிந்தவன் அல்லேன் என்பதையும் முதற்கண் பதிவு செய்கிறேன்.

புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றின் பாய்லர் கொட்டகையில் நாங்கள் ஆறு பேர். நீராவிக் குழாய்களின் சூடு வெளியேறாதபடி, கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து அவற்றின்மேல் பூசுவது எங்கள் தொழில். பழைய பூச்சை உடைத்தெடுக்கும் நாளில், பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குத் தூசி எழும்பும்.

ஒரு மாலை, புதிதாக வந்த லூயிஸ் மேஸ்திரி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“வேலைத்துணியோட யாரும் வூட்டுக்குப் போவக் கூடாது. இங்கியே அவுத்து இந்தப் பெட்டியில போடுங்க. குழாயில குளிச்சிட்டு, மாத்துத்துணி கட்டிக்கினு போங்க.”

நூல் பிரிவு ஆட்களை, மடியில் நூற்கண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வெளியே அனுப்புவது அந்த மில்லின் வழக்கம். பாய்லர் ஆட்களுக்கு அந்த அவமானம் கிடையாது. அதுவே எங்கள் கௌரவம்.

“எங்களுக்கும் சோதனையா, மேஸ்திரி?” என்றேன்.

“சோதனை இல்லண்ணே. சொன்னா கேளுங்க.”

“மடியில நீராவியைக் கட்டிக்கினா போவப் போறோம்?” என்றான் கண்ணையன். எல்லோரும் சிரித்தோம். மேஸ்திரி சிரிக்கவில்லை.

“வேலை வேணும்னா அவுத்துப் போடுங்க.”

ஐவர் அவிழ்த்தனர், கண்ணையனும்தான். நான் மட்டும், திறந்திருந்த கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

“நல்லா செஞ்சீங்க” என்றாள் என் மனைவி செல்வாம்பாள். “உங்க சட்டையை நான் தொவைக்காம வேற எவன் தொவைப்பான்?” சுவரில் நான்கு அடி அடித்து உதறினாள். தலையெல்லாம் வெளுத்துப்போயிற்று. “பாருங்க, ஒரு நொடியில கிழவியாயிட்டேன்” என்று சிரித்தாள். பின்பு இருமினாள்.

மற்ற ஐவரின் துணிகள் சனிக்கிழமை பெட்டியில் போகும். திங்கட்கிழமை வெளுத்து மடித்தபடி வரும். மில் செலவில் வண்ணான் வெளுக்கிறான் என்று அவர்களுக்கு மகிழ்ச்சி. இரண்டு வாரம் நான் இணங்கவில்லை. மூன்றாம் வாரச் சனிக்கிழமை மேஸ்திரி என்னைக் கொட்டகைக்குள் விடவில்லை. நேரே மில்லை நடத்தும் பிரெஞ்சுத் துரையின் அறைக்குச் சென்று முறையிட்டேன்.

துரை தமிழ் பேசுவார். மேஸ்திரியை அழைத்தார்.

“அப்படி உத்தரவு நாம் கொடுக்கவில்லையே! குளித்துக் குளித்துக் கால் மணி வீண். இன்றே குழாயைப் பூட்டு. அந்தத் தூசி ஒன்றும் செய்யாது, லூயிஸ். அது மாவு போலத்தான்.”

“ஒன்னும் செய்யாதுன்னா, முசியே, ஆறு பேர் துணியையும் பங்களாவுக்கு அனுப்பறேன். உங்க மதாம் கையால உதறித் தொவைச்சுக் குடுக்கட்டும்.”

துரையின் முகம் சிவந்துவிட்டது.

“வெளியே போ! இன்னொரு முறை ஆட்களைத் துணி அவிழ்க்கச் சொன்னால் உனக்கு வேலை கிடையாது.”

அன்று வேலை முடிந்து, வழக்கில் வென்றவனைப் போல நான் வீடு திரும்பினேன். சட்டையைச் செல்வாம்பாளிடம் கொடுத்தேன். உதறினாள். நெடுநேரம் இருமினாள்.

மறுநாள் ஞாயிறு. ஆற்றைக் கடந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் வயல் வாய்க்காலின் ஓரம், முழங்கால் தண்ணீரில் ஒருவர் குனிந்து நின்றார். மாதா கோயில் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை மரக்கிளையில் தொங்கியது. பக்கத்தில் எங்கள் கொட்டகைப் பெட்டி.

“மேஸ்திரி! நீங்களா?”

அவர் நிமிரவில்லை. கண்ணையனின் வேட்டியைத் துளியும் உதறாமல், மடித்தபடியே நீரில் அமிழ்த்தினார்.

“இதெல்லாம் வண்ணான் வேலையாச்சே?”

“வண்ணானுக்கும் வூட்ல பொண்டாட்டி இருக்காளே, அண்ணே.”

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

“எங்க வூட்டுக்காரி அகஸ்டினா ஒரு நாளும் மில்லு கேட்டைத் தாண்டினதில்ல. நானும் பழைய மில்லுல இதே பூச்சு வேலைதான். பன்னெண்டு வருஷம் என் சட்டையை உதறி உதறித் தொவைச்சா. கடைசியில மூச்சு வுட முடியாம, உக்காந்தபடியே செத்தா. நாம தூசி தின்னது தின்னாச்சு. வூட்ல இருக்கறவங்க ஏன் திங்கணும்?”

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் துரைகிட்ட போயிருப்பேனா?”

“சொல்லலாம்னுதான் வந்தேன். அன்னிக்கு நீங்க சிரிச்சிக்கினு இருந்தீங்க.”

மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஓடினேன். செல்வாம்பாள் கையை ஓங்கி, என் மற்றொரு வேலைச் சட்டையைச் சுவரில் அடிக்கப் போன சமயம் அது. அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

“ஐயோ, இன்னா ஆச்சு உங்களுக்கு?” என்று கத்தினாள். சட்டையை உதறாமல் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் காலை மற்ற ஐவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மாலை சங்கு ஊதியதும், நாங்கள் அறுவரும் இடுப்பில் ஒரு துண்டோடு, வெற்றுடம்பாய்க் கேட்டைத் தாண்டினோம். குழாயைப் பூட்டினால் என்ன, வாய்க்காலுக்குப் பூட்டு உண்டா? துணிமூட்டையைத் தலையில் சுமந்து முன்னால் நடந்தவன் நான்.

துரை மாடியிலிருந்து கத்தினார்: “அவிழ்க்கச் சொன்னது யார்? லூயிஸா?”

மேஸ்திரி வாய் திறக்குமுன் நான் நிமிர்ந்து சொன்னேன்: “என் உத்தரவு, முசியே!”

அன்று, ஈசுவர வருடம் மாசி மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு பிப்ரவரி இருபத்தோராம் தேதி, திங்கட்கிழமை.