லயத்து ஜீப்

“இப்ப மனசு குளுந்துச்சாக்கா? ஒங்க வாயாலதான் என் ஜீப்பே போகப் போகுது!”

பக்கத்து வீட்டுக் காம்பிரா வாசலில் நின்று அஜந்தன் கத்திய கத்தலில் அந்த வரிசை வீட்டு லயமே வெளியே வந்துவிட்டது.

அந்த வீட்டுக் கருப்பம்மா முதுகிலிருந்த கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

“நான் என்னடா செஞ்சேன்?”

“ஆபீஸ்ல போட்டுக் குடுத்தது வேற யாரு?”

அவள் வாயைத் திறந்தாள். படியில் நின்ற தோட்டத்து வாட்சரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“பாத்தியா, பதில் இல்ல!” என்று அஜந்தன் இன்னும் துள்ளினான்.

வாட்சர் கொண்டுவந்த உத்தரவு அப்படி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஜீப் தோட்டத்து நிலத்தை விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் டிராக்டரில் கட்டி இழுத்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜீப் என்றால் தோட்டத்தை நடத்தும் துரைக்கு மட்டும்தான். சத்தம் கேட்டதும் மற்றவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். சேறு தெறித்தால் துடைத்துக்கொள்ள வேண்டும். அஜந்தன் சின்ன வயதில் நிறையத் துடைத்திருக்கிறான்.

அந்த ரோசத்தில்தான் பதுளைக்குப் போய், பலீல் நானாவின் பழைய இரும்புக் கடையில் மல்லுக்கட்டிப் பேரம் பேசி, கழித்துப்போட்ட வேன் ஒன்றின் அடிச்சட்டமான செசியையும் எஞ்சினையும் வாங்கி வந்தான். லயத்துக்குப் பின்னால் வைத்து, தானே வெட்டி, தானே ஒட்டி, ஒரு ஜீப்பைக் கட்டினான். நல்ல சிவப்பு.

ஆனால் தோட்டத்து நிலத்தில் கேட்காமல் ஆணிகூட அடிக்கக் கூடாது. வேலை நடக்கும்போது வாட்சர் பிடித்தால் தொலைந்தது.

வாட்சரைவிட அவனுக்குப் பெரிய தலைவலி கருப்பம்மாதான். கிரைண்டரில் பொறி பறக்க ஆரம்பித்தால் போதும், முன்வாசலில் நின்று தொடங்கிவிடுவாள்.

“டேய், ஒன்ன ஒங்காத்தா பெத்தாளா, தகரத்த உருக்கி ஊத்துனாளா?”

அஜந்தனுக்கு ரத்தம் கொதிக்கும். கிரைண்டரை அணைத்து, மழைக்குப் பயந்து எல்லாவற்றின் மேலும் படங்குத் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடுவான். சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து வாட்சர் வந்து நிற்பான், வேடிக்கை பார்ப்பான், சிரித்துக்கொண்டே போவான். கத்திக் கத்தி இவளே அவனை வரவழைக்கிறாள் என்பது அஜந்தனின் கணக்கு.

போன ஞாயிறு அவள் சந்தைக்குப் போயிருந்தாள். அன்றுதான் அஜந்தன் நிம்மதியாக வேலை பார்த்தான். அன்றுதான் வாட்சரிடம் கையும் களவுமாக மாட்டினான். போகிற வழியில் ஆபீஸில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்! வேறென்ன?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். தன் கடை முற்றத்தில் ஜீப்பை நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் பலீல் நானா. அஜந்தன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உறுமியது. லயமே கைதட்டியது.

பத்தடி உருண்ட ஜீப், லயத்துச் சுவருக்கும் கருப்பம்மாவின் சமையல் குசினிச் சுவருக்கும் நடுவே நின்றுவிட்டது. இடம் போதவில்லை.

செசியை உள்ளே கொண்டுவந்தபோது அளந்துதான் கொண்டுவந்தான். அப்புறம், துரை ஜீப்பைவிட அகலமாக இருக்க வேண்டும் என்று வீம்புக்கு மட்கார்ட் வைத்தானே, அதை அளக்கவில்லை.

“ஏண்டா அஜந்தா, ஜீப்பக் கட்டுனியா, ஜீப்பச் சுத்தி லயத்தக் கட்டுனியா?” என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

கீழே வளைவில் டிராக்டர் சத்தம். வாட்சர் முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தான்.

லயத்துச் சுவரில் கை வைத்தால் பத்துக் குடும்பத்துக் கூரை இறங்கிவிடும். அஜந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு, மட்கார்டை வெட்டக் கிரைண்டரை எடுத்தான்.

“நிறுத்துடா! கட்டுனத ஏன் வெட்டுற?”

அலவாங்குக் கடப்பாரையோடு வந்து நின்ற கருப்பம்மா, தன் குசினிச் சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். மண்கல் பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஏம்மா, கேக்காம செவத்த ஒடைக்கிற? ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்க?” என்று வாட்சர் ஓடி வந்தான்.

“கட்டும்போது ஒங்களக் கேட்டா கட்டுனேன், ஒடைக்கும்போது கேக்குறதுக்கு?”

சுவர் விழுந்தது. கருப்பம்மா அஜந்தன் பக்கம் திரும்பினாள்.

“சும்மான்னு நெனைக்காத. செவத்த நீதான் கட்டித் தரணும். மொதச் சவாரி எனக்கு. ஆபீஸ் வாசல் வழியா. ஹோர்ன் அடிச்சிக்கிட்டு!”

“ஏறுங்கக்கா!”

முன்சீட்டில் கருப்பம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஆபீஸ் வாசலில் அஜந்தன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ரோட்டில் நின்ற கணக்கப்பிள்ளை, ஜீப் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

வளைவு தாண்டியதும் அஜந்தன் மெதுவாகக் கேட்டான்.

“இவ்வளவு மனசு இருக்கே, பின்ன ஏங்க்கா போட்டுக் குடுத்தீங்க? ஏன் அப்பிடித் திட்டுனீங்க?”

“அட மண்டு! வாட்சர் மேட்டு ரோட்டுல ஏறுறது என் வாசல்ல நின்னாத்தான் தெரியும். நான் சந்தைக்குப் போன அன்னைக்குத்தானே நீ மாட்டுன?”

அஜந்தனின் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது.

“அப்ப... வாட்சர் வர்றான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா!”

“அப்பிடிக் கத்துனா அவனுக்குந்தானடா கேக்கும்? ஒன் ஆத்தாவ இழுத்தாத்தான் நீ மெஷின அமத்திட்டு சண்டைக்கு ஓடி வருவ!”