ஜனனி இருந்த வீடு

"ஜனனி இருந்தப்ப இந்தத் தரையில முகம் பாத்துத் தலை சீவலாம். இப்பப் பாரு, அம்மி கழுவின தண்ணி மாதிரி வெளுத்துக் கெடக்கு" என்றார் வீட்டுக்கார உமையாள் ஆச்சி, சமையல்கட்டு வாசலில் குனிந்து ஆத்தங்குடிக் கல்லைத் தடவியபடி.

சத்தியப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைக் காலி செய்கிற அன்றைக்குமா ஜனனி?

யார் அந்த ஜனனி, கறுப்பா சிவப்பா, எதுவும் சத்தியாவுக்குத் தெரியாது. இவளுக்கு முன்னால் இங்கே குடியிருந்தவள், அவ்வளவுதான். ஆனால் வந்த நாளிலிருந்து அவளோடுதான் மல்லுக்கட்டு. சத்தியா கோலம் போட்டால், ஜனனி அதைவிடப் பெரிதாகப் போட்டிருப்பாள். சத்தியா குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால், "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜனனி வைப்பா பாரு..." என்று ஆச்சி கண்ணை மூடிக்கொள்வார். மாமியார் நாத்தனார் தொல்லை இல்லாத தனிக்குடித்தனம் என்று துள்ளிக்கொண்டு வந்தவளுக்கு, கண்ணால் காணாத சக்களத்தி ஒருத்தி வாய்த்துவிட்டாள்.

தரை வெளுத்ததும் அந்தப் புண்ணியவதியால்தான். ஜனனியின் தரையைவிடப் பளபளக்க வைக்கிறேன் பார் என்று ஒருநாள் வீம்பாகக் கக்கூஸ் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டாள் சத்தியா. ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காயெண்ணெய்த் துணிதான் மருந்து, ஆசிட் ஆகவே ஆகாது என்று காரைக்குடியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சத்தியாவுக்கும் தெரியும். பொறாமை வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது?

"நாலு கல்லு மங்குனதுக்கு அட்வான்ஸ்ல பாதியப் பிடிப்பீகளா ஆச்சி? நியாயமாச் சொல்லுங்க. இத்தன நாள்ல சுவத்துல ஒரு ஆணி அடிச்சிருப்பேனா?"

"அந்தக் காலத்துக் கல்லாத்தா. இப்ப இதே பூப்போட்ட கல்லு எங்க தேடினாலும் கெடைக்காது. நாலு கல்ல மட்டும் மாத்தினா ஒட்டுப்போட்ட சேலையாட்டம் இருக்கும். மொத்தத் தரையையும்ல பேத்தெடுக்கணும்?"

காலையில் முதல் நடைச் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதே அவள் புருஷன் மருதுபாண்டி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "நாம போற மானகிரி வீட்டுக்காரரு சாயங்காலம் முழு அட்வான்ஸையும் வாங்கிக்கிட்டுத்தான் சாவி தருவேன்னுட்டாரு. ஆச்சிகிட்ட ஒத்த ரூவா விட்றாத. கொறஞ்சா உன் கழுத்துச் செயினத்தான் அடகு வைக்கணும், பாத்துக்க."

சத்தியாவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராகத்தான் நின்றாள்.

"தரையப் பேக்க வேணாம் ஆச்சி. எங்க மாமா மகன் சோணை இந்தக் கல்லுப் போடுற வேலைதான் பாக்குறாரு. இப்பவே வரச் சொல்றேன். அவரு பாத்து என்ன செலவாகும்னு சொல்றாரோ, அதப் பிடிச்சுக்கங்க. மறுபேச்சே பேச மாட்டேன்."

ஆச்சியின் முகம் சுண்டிவிட்டது. சத்தியா போனை எடுத்து எண்ணைத் தேடினாள்.

"கூப்புடு ஆத்தா, நல்லாக் கூப்புடு" என்று ஆச்சி பெருமூச்சு விட்டார். "ஜனனிகிட்டயும்தான் போறப்ப பாதி பிடிச்சேன். சுவரெல்லாம் கரின்னு. ஒரு வார்த்தை கேக்கலையே அந்தப் புள்ள! 'ஒங்க வீடு ஆச்சி, நீங்க பாத்துச் செஞ்சாச் சரி'ன்னு சிரிச்சுக்கிட்டே போனா. அது வளந்த வளப்பு. எல்லார்கிட்டயும் அத எதிர்பாக்க முடியுமா?"

வளர்ப்பா! சுருக்கென்று தைத்தது. போனில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றுபோனது. இந்த வீட்டில் ஒருநாளாவது அந்த ஜனனியை ஜெயிக்க வேண்டாமா? இதை விட்டால் இனி எப்போது?

"நான் மட்டும் கேக்குறேனா ஆச்சி?" போனைப் பையில் போட்டாள். "பாதியையும் எடுத்துக்கங்க. சோணையும் வேணாம், ஒருத்தரும் வேணாம். நான் ஒண்ணும் அவளுக்குக் கொறஞ்சவ இல்ல!"

"அட, நான் இப்ப என்னத்தச் சொல்லிப்புட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே ஆச்சி பாதியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை நீட்டினார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் சத்தியா கழுத்துச் செயினை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். மருது குதிப்பான். குதிக்கட்டும். கடைசியில் அந்த ஜனனிக்குச் சமமாக நின்று காட்டியாகிவிட்டது, அது போதும்.

தெருமுனை திரும்பும்போதுதான் பின்கட்டில் காயப்போட்ட கோரைப்பாய் நினைவுக்கு வந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொல்லி இறங்கி ஓடினாள்.

அதற்குள் வீடு பார்க்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். அவளுடைய பாயைத்தான் ஆச்சி விரித்துப்போட்டு அவர்களை உட்கார வைத்திருந்தார், சரியாக அந்த வெளுத்த கல்லின் மேல்.

"முன்னாடி இருந்தவுக எப்படி ஆச்சி?" என்று அந்தப் பெண் கேட்டாள். சத்தியா கதவோரமாக நின்றுவிட்டாள்.

"சத்தியான்னு ஒரு புள்ள. அத என்னத்தச் சொல்ல! அவ இருந்தப்ப இந்தத் தரையில முகம் பாத்துத் தலை சீவலாம். போறப்ப அட்வான்ஸ்ல பாதி பிடிச்சேன், ஒரு வார்த்தை கேக்கலையே! அது வளந்த வளப்பு" என்று ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் உதட்டைச் சுழித்துப் புருஷன் காதில் முணுமுணுத்தாள்: "யாருங்க அந்த சத்தியா, பெரிய இவளா?"