இத்தாலியில் எப்படிக் கேட்பது?

“நோ! நோ! ட்ரோகா, நோ!”

கஸ்தூரியின் கையிலிருந்த புரூனோவின் போனில் அவர் மனைவி இத்தாலி மொழியில் கத்திய கத்தலுக்கு, மருத்துவமனையின் அவசரப் பிரிவு வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி லைன் துண்டிக்கப்பட்டது.

“என்னத்தைக் கேட்டே அவங்ககிட்ட?” என்றான் செல்வா.

“டாக்டர் கேக்கச் சொன்னதைத்தான் கேட்டேன்! புரூனோவுக்கு முன்னாடி டிரக்னால ஏதாச்சும் பிரச்சனை வந்திருக்கான்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணேன். என் போன்ல இருக்கிற ஆப் அதை இத்தாலியில பேசிச்சு. அவ்வளவுதான், அந்தம்மா கத்துறாங்க!”

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் இவர்கள் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் பொருத்த இத்தாலியிலிருந்து வந்தவர் புரூனோ. நேற்று கேண்டீனில் இடியாப்பத்தைக் கையால் குழைத்து, காரம் போதாது என்று சைகை காட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர். இன்று காலை இரும்புத் தகடு தொடையில் பாய்ந்து, நினைவு தப்பி உள்ளே கிடந்தார்.

கூட வந்த இன்னொரு இத்தாலிக்காரர் முந்தாநாளே ஊர் திரும்பிவிட்டார். ஆபீஸ் கிளார்க் கஸ்தூரிக்கும் மெக்கானிக் செல்வாவுக்கும் தெரிந்த இத்தாலி பீட்சாவோடு சரி.

காயத்தில் கிருமி பரவாமல் இருக்க உடனே ஊசி போட்டாக வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்தாக இருந்துவிட்டால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். “மனைவியிடம் கேளுங்கள், சீக்கிரம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே ஓடியிருந்தார். புரூனோவின் போனிலேயே அவசர எண்ணாக மனைவியின் எண் இருந்தது.

செல்வா தன் போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அலமாக்! ட்ரோகான்னா கஞ்சா, ஹெராயின் அந்த மாதிரி சாமானாம். உங்க புருஷன் டாடா கேசான்னு கேட்டிருக்கே நீ!”

“ஐயையோ! டிரக்னா மருந்துதானே?”

“மருந்தும் அதுதான், அந்தச் சனியனும் அதுதான். மலாய்ல பாரு, ஊபாட் வேற, டாடா வேற. ஊபாட் சாப்பிட்டாப் பொழைச்சுக்கலாம், டாடா வெச்சிருந்தாத் தூக்குதான். இந்த இங்கிலீஷ்காரன்தான் ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சுட்டுப் போயிட்டான் லா!”

விபத்தைப் பற்றி விசாரிக்க வந்திருந்த போலீஸ்காரர், ‘டாடா’ காதில் விழுந்ததும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். “டாடா? சியாப்பா?” யார் என்று மலாயில் கேட்டார்.

“புக்கான் துவான்! ஊபாட், ஊபாட்!” அது இல்லை ஐயா, மருந்து என்று செல்வா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

கஸ்தூரி அந்தப் பெண்ணின் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தாள். புருஷனின் எண்ணிலிருந்து போன் வருகிறது. எடுத்தால் மனுஷக் குரல்கூட இல்லை, ஒரு இயந்திரம் ‘உன் புருஷனுக்குப் போதைப் பழக்கம் உண்டா’ என்று கேட்கிறது. எந்தப் பெண்டாட்டிதான் பயப்பட மாட்டாள்? ஆளைக் கடத்தி வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்திருப்பாள் பாவம்.

மறுபடி அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“ஆப்ல வேற வார்த்தை இருக்கான்னு பாரு,” என்றான் செல்வா.

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஆப் நாலு இத்தாலிச் சொற்களை நீட்டியது. ஃபார்மக்கோ, மெதிசினாலே, ட்ரோகா, அப்புறம் வாயில் நுழையாத இன்னொன்று. கஸ்தூரிக்கு இப்போது நாலையும் பார்க்கவே பயமாக இருந்தது.

“ஃபார்மக்கோ பார்மசி மாதிரி கேக்குது. அதைப் போடவா?”

“போடு.”

“தப்பா இருந்தா? மறுபடி கட் பண்ணிட்டா யாரைப் போய்க் கேக்கிறது?”

கதவு திறந்தது. பதில் கிடைத்ததா என்று டாக்டர் கேட்டார். இனிமேல் காத்திருக்க முடியாது, நாடி இறங்கிக்கொண்டே போகிறது என்றார். அவருக்குப் பின்னால் நர்ஸ் ஊசியோடு தயாராக நின்றாள்.

கஸ்தூரி மீண்டும் எண்ணை அழுத்தினாள். இந்த முறை எடுத்தார்கள். ஹலோ இல்லை, மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தன் போனை அதன் பக்கத்தில் பிடித்தாள். ஆப் ஃபார்மக்கோவைச் சேர்த்து நீளமாக ஏதோ பேசி முடித்தது.

“கி சியேதே?” மறுமுனையில் அழுகை வெடித்தது. “கி சியேதே?”

“நீங்கள்லாம் யாருன்னு கேக்கிறாங்க,” என்றான் செல்வா, தன் போனைப் பார்த்து.

கஸ்தூரி உடைந்துபோனாள். நர்ஸ் திரும்பி உள்ளே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

“நான் என்னன்னு சொல்லுவேன் செல்வா! உங்க வீட்டுக்காரர் உசிரக் காப்பாத்தத்தான் கேக்கிறோம்மா, எந்த மருந்து அவருக்கு ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்கம்மான்னு இத்தாலியில எப்படிலா கேக்கிறது? ஐயோ முருகா, ஊசியப் போடப் போறாங்களே!”

போனில் அழுகை சட்டென்று நின்றது.

“பிள்ளை, என்ரை மனுசனுக்குப் பெனிசிலின் ஒத்துவராது, கெதியா டொக்டரிட்டைச் சொல்லுங்கோ!”