தொலைந்துபோகும் நாத்தனார்

வெளியூரிலிருந்து வந்த மூன்றே நாளில் என் நாத்தனார் மூன்று தடவை தொலைந்து போனாள்.

முதல் நாள் மியூசியம். "துணைக்கு யாரும் வேணாம் அண்ணி, நானே தனியா சுத்திப் பார்த்துப்பேன்" என்று பையை மாட்டிக்கொண்டு ஜம்மென்று கிளம்பினாள். மத்தியானம் அவள் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு போன்.

"அண்ணா, எந்த வாசல் வழியா வந்தேன்னே தெரியல. வந்து கூட்டிட்டுப் போயேன்."

மறுநாள் பழைய புத்தகக் கடைத் தெரு. அங்கிருந்தும் அதே பாட்டு.

மூன்றாம் நாள் படகேறி அக்கரைக் கோட்டையைப் பார்க்கப் போனவள், திரும்பும்போது வேறு துறையில் இறங்கிவிட்டாளாம். மறுபடியும் இவர்தான் ஓடினார்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இவர் இருக்கும் நிலைமை அவளுக்குத் தெரியாதா என்ன?

இவர் லிப்ட் மெக்கானிக். ஏழு மாதத்துக்கு முன்னால் வேலை செய்யும்போது விழுந்து கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியே மூன்று மாதம் ஆகிறது. ஆனால் மனுஷனுக்கு மனசு விட்டுப் போச்சு. கம்பெனியிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. சாப்பாடு, தண்ணீர், நகவெட்டி வரைக்கும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். அப்பேர்ப்பட்டவரை இவள் தெருத்தெருவாக இழுத்தடிக்கிறாள்!

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, நீ என்ன பச்சைக் குழந்தையா? பக்கத்துல நிக்கறவங்களைக் கேட்டா வழி சொல்ல மாட்டாங்களா?"

"கேட்டேன் அண்ணி. சொன்னாங்க. ஒண்ணும் மண்டையில ஏறல."

"அப்போ வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

"பத்து நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். உங்க வீட்டுச் சுவரைப் பார்த்துட்டா திரும்பிப் போறது?" என்று சிரித்தாள். இவளுக்குக் கோபமும் வராது, வெட்கமும் வராது.

"உங்க அண்ணன் கால் வலியோட பஸ் பஸ்ஸா ஏறி இறங்கறாரு. உனக்கு மனசாட்சியே இல்லையா?"

"வலிக்குதுன்னு அண்ணன் சொன்னானா?"

"சொன்னாதானா? எனக்குத் தெரியாதா?"

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஏழு மாதமாகத் தூக்க மாத்திரையோடு மல்லுக்கட்டும் மனுஷன், சோபாவிலேயே சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அசதி.

மறுநாள், "மியூசியத்துல பாதிதான் பார்த்தேன்" என்று மறுபடி கிளம்பிவிட்டாள்.

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேராக மியூசியத்துக்குப் போனேன். இன்றைக்கு நானே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். அப்படியே நறுக்கென்று நாலு வார்த்தையும் கேட்கிறேன். இவர் ஓர் அடி நகர வேண்டாம்.

வாசலுக்கு நாற்பது படி. மூச்சு வாங்க ஏறினேன். மேலே தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு குடும்பம் அவளிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தது.

"புத்தகக் கடைத் தெருதானே? நேரா போய் சிக்னல்ல வலது பக்கம் திரும்புங்க. பதினேழாம் நம்பர் பஸ் வரும், ஏறாதீங்க, அது ஊரைச் சுத்திட்டுப் போகும். இருபத்தொண்ணுல போங்க. அங்கேருந்து படகுத்துறைக்குப் பின்பக்கச் சந்துல நடந்தா பத்தே நிமிஷம்."

"இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்களா நீங்க?"

"இல்லைங்க, வந்து நாலு நாள்தான் ஆச்சு."

அடிப்பாவி! கையும் களவுமாகப் பிடிக்க ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டாள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அண்ணா... எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கு. பயமா இருக்குண்ணா. அண்ணி வேலையில இருப்பாங்க, நீயே வா. கார் பிடிச்சு வராதே, பஸ்லயே வா. முன்பக்கப் படி வழியா ஏறி வா, நான் மேலதான் நிக்கிறேன். முந்தாநாளைவிட நேத்து சீக்கிரமா வந்துட்டே தெரியுமா? ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாவே ஏறு."

போனை வைத்துவிட்டு, வெயிலில் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது கால் இல்லை, நான்தான்.

என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. நல்லவேளை, கடைப் பழக்கத்தில் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். இவர்தான்.

"ஏம்மா, கடையில இருக்கியா? அந்த லூசு மறுபடியும் தொலைஞ்சுட்டா. நான் போய்க் கூட்டிட்டு வரேன். நீ அவளைத் திட்டாதே. அப்புறம், வர்ற வழியில கம்பெனிக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்னு பார்க்கறேன்."

போனில் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. அந்தத் தெம்பான குரலைக் கேட்டு எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

"சீக்கிரம் போங்க. விவரம் தெரியாத பொண்ணு, புது ஊர்ல தனியா நின்னு பாவம், பயந்துடப் போறா" என்று கிசுகிசுத்தேன், அவளுக்கு நாலடி தள்ளித் தூணுக்குப் பின்னால் நின்றபடி.