முதலில் ஏறியது

"அக்கா, பென்டிரைவ் போட்டா பாடவே மாட்டேங்குது."

என் கார் ஸ்டீரியோ கடைக்குத் தீனதயாளன் அதே வெள்ளைக் காரில் வந்திருந்தான். பாட்டை மாற்றக் குனிந்தபடி ஓட்டித்தான் என் மகள் சுகந்தியைக் கொன்றான். நீதிமன்றத்தில் என் பக்கம் திரும்பியே பார்க்காதவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

பாட்டுகளைக் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு பென்டிரைவைக் காலியாக்கினேன். எது முதலில் ஏறுகிறதோ அதைத்தான் அவனுடைய ஸ்டீரியோ முதலில் பாடும். சுகந்தி கடைசியாக அனுப்பிய குரல் பதிவை ஏற்றிவிட்டு, அவனுடைய பாட்டுகளைப் பின்னால் ஏற்றினேன்.

"இனிமே பாடுமாக்கா?"

"வண்டியை எடுக்கும்போதெல்லாம் பாடும், தம்பி."

பென்டிரைவைச் செருகிச் சாவியைத் திருப்பினான்.

"அம்மா, உன் சுகந்தி ரோட்டைத் தாண்டப் போறா. சோத்தைப் போட்டு வை."

பாட்டை மாற்றக் குனிந்தவன், குனிந்தபடியே இருந்தான்.