மழைச்சாமி சொத்து

மூன்று நாளாக டோன் ஹெர்மிலோவுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. மனைவி எவுலோஹியா பொரித்துக் கொடுத்த பன்றிக்கறிப் பனூச்சோ ரொட்டியை அப்படியே நாயிடம் தள்ளினார். நாய்க்கே சந்தேகம் வந்து, தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வாய் வைத்தது.

காரணம், டீட்மார் என்ற ஜெர்மன்காரன். காலையில் வருவான். செனோட்டே என்ற இயற்கைக் கிணற்றின் வாசலில் இருக்கும் ஷவரில் முறையாகக் குளிப்பான். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு செனோட்டேயின் நீலத் தண்ணீரில் இறங்குவான். இறங்கும்போது இடுப்பில் தொங்கும் வலைப்பை காலி. ஏறும்போது அது பிள்ளைத்தாய்ச்சி வயிறு. மேலே துண்டைப் போர்த்தி, யார் முகத்தையும் பார்க்காமல் காரேறிப் போய்விடுவான்.

யாஷ்துனில் கிராமத்தில் முப்பது குடும்பங்கள். குளிக்க வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து செனோட்டேயைப் பார்த்துக்கொள்வது வாரத்துக்கு ஒரு குடும்பம். ஏழு மாதம் காத்திருந்து ஹெர்மிலோவின் முறை வந்திருக்கிறது. இந்த வாரம் பார்த்தா ஒருவன் அடியைத் துடைத்து எடுத்துப் போக வேண்டும்?

"தண்ணிக்குள்ள போனது மழைச்சாமிக்குச் சொந்தம். அதுலயே கை வைக்கிறானே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"என்கிட்டப் புலம்பி என்ன புண்ணியம்? தலைவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. போன வருஷம் பக்கத்து ஊர்ல மாயர் காலத்துப் பானையைத் திருடினவனை எப்படிக் கோழி மாதிரி அமுக்கினாங்க!" என்றாள் எவுலோஹியா.

ஊர்த்தலைவர் டோன் அனக்லேத்தோ வந்தார். வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்தார். கீழே குமிழி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு குமிழிக்கும் ஹெர்மிலோவின் வயிறு ஒருமுறை எரிந்தது.

கடைசியில் டீட்மார் தலை தூக்கினான்.

"பையைத் திற, துரை," என்றார் தலைவர்.

வெயிலில் ஏற்கெனவே நண்டாய்ச் சிவந்திருந்தவன். மேற்கொண்டு சிவக்க இடமில்லாமல் காது மட்டும் துடித்தது. பையைக் கவிழ்த்தான்.

பானை இல்லை. எலும்பு இல்லை. பதினொரு கறுப்புக் கண்ணாடி, நாலு போன், ஆறு மோதிரம், ஒரு கேமரா.

"குளிக்க வர்றவங்க தவறவிட்டது, ஐயா. கார்ல இன்னும் ரெண்டு பை இருக்கு. தண்ணியும் சுத்தமாகும், சொந்தக்காரங்களைத் தேடிக் கொடுத்துடலாம்னும் நினைச்சேன். வெளிய தெரிஞ்சா பேர் வாங்கச் செய்யறான்னு சொல்வாங்களேன்னுதான்..."

தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

"உனக்குத் தங்கமான மனசு, தம்பி. ஆனா சாமி வாங்கினதை நாம திருப்பி வாங்கினா மழை நின்னுடும். சோளம் கருகிடும். எங்க பிள்ளைங்க கதி?"

ஹெர்மிலோ கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

டீட்மாருக்கு மனசு உருகிவிட்டது. காரில் இருந்த பைகளையும் கொண்டுவந்து, விளிம்பில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டான். ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டான். போனிடம் இரண்டு முறை கேட்டான். ஹெர்மிலோ பக்தியோடு, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மோதிரமும் போனதும் டீட்மார் இருவரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் புறப்பட்டான்.

காரின் புழுதி அடங்கியது.

சீட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து எவுலோஹியா வந்தாள். ஒரு கையில் முக்குளிப்புக் கண்ணாடி, மறு கையில் கால் துடுப்பு.

"படுபாவி, கரையிலயே வச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா? சீக்கிரம் இறங்குங்க. சந்தைக்குப் போற வண்டி மூணு மணிக்கு."

ஹெர்மிலோ சட்டையைக் கழற்றி அவளிடம் எறிந்துவிட்டு, துடுப்பை மாட்டிக்கொண்டார்.

"எல்லாத்தையும் வழிச்சுடாதே, ஹெர்மிலோ," என்றார் தலைவர். "அடுத்த வாரம் என் முறை."