வாசலிலேயே உட்கார்ந்தவர்

"உங்கப்பாவுக்கு டி.பி. வந்தப்ப நீதான் கூடவே இருந்து பாத்தியாமே? பயமா இல்லியா?"

அன்னத்தாய் கேட்டதும் பிரேமலதாவின் அம்மாவுக்கு முகம் வெளிறியது. மகனுக்குப் பெண் பார்க்க மும்பையின் மறுகோடி முலுண்டிலிருந்து வந்தவரிடம் தாராவியில் யாரோ வத்தி வைத்துவிட்டார்கள்.

வந்ததிலிருந்தே அன்னத்தாய் உள்ளே வரவில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு, வெள்ளைக் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். காபியையும் தொடவில்லை.

"அதெல்லாம் பழைய கதை மதினி. அவுக இப்ப நல்லா வேலைக்குப் போறாக. உள்ள வந்து இருங்க," என்றாள் அம்மா.

"இருக்கட்டும். பிள்ள சொல்லட்டும்."

"மொதல்ல பயந்தேன் அத்தை," என்றாள் பிரேமலதா. "இருமல் சத்தம் பக்கத்துக் கோலி வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு அம்மா ஜன்னலச் சாத்திட்டா. நாந்தான் தொறந்து விட்டேன். அடைச்ச ரூம்லதான் சீக்கிரம் தொத்துமாம்."

"ஏட்டி, வாய மூடு!" அம்மா பல்லைக் கடித்தாள்.

"உனக்கும் தொத்திச்சா?"

"டெஸ்ட் எடுத்தாங்க. கிருமி உள்ள இருக்கு, ஆனா தூங்குதுன்னாங்க. பத்துப் பேருக்குள்ள போனா ஒருத்தருக்குத்தான் சீக்கா மாறுமாம். அது முழிக்காம இருக்க மாத்திரையும் போட்டு முடிச்சிட்டேன்."

"அந்த ஒருத்தி நீயா இருந்தா?"

"அதுக்காக அப்பாவத் தனியா விட்டுர முடியுமா அத்தை?" பிரேமலதா சிரித்தாள். "டி.பி. மாத்திரை தின்னுட்டு அழுதாருன்னா கண்ணீரே ஆரஞ்சு கலர்ல வரும். 'என்னப்பா, சர்பத் கடை போட்டுரலாமா'ன்னு கேப்பேன். அழுகைய விட்டுட்டுச் சிரிச்சிருவாரு."

அன்னத்தாய் அந்தப் பத்தடி அறையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அதனடியில் நின்ற ஒல்லிப் பெண்ணை, பார்க்காததைப் பார்த்தவர்போல வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எழுந்தார். அவ்வளவுதான், சம்பந்தம் போயிற்று என்று அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அன்னத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு படி தாண்டி உள்ளே வந்தார். பெண் பிடித்தால் வைப்பதற்கென்று பையில் கொண்டுவந்திருந்த மல்லிகைச் சரத்தைப் பிரேமலதாவின் தலையில் வைத்தார்.

அம்மா திகைத்து நிற்க, பொங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டே சந்தில் இறங்கிப் போனார். அவர் கையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையில் ஈரம் ஆரஞ்சு நிறமாகப் படர்ந்திருந்தது.